பரீட்சைக்குப் போன வயிறு

நவம்பர் 3, செவ்வாய்

விடாத மழை. தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

எனக்கு வந்திருப்பது புற்றுநோய். இரைப்பையில். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை என் மகன் சேகரிடம் சொன்னார்கள். வார்டுக்குப் பாடம் படிக்க வந்த பிள்ளைகளிடம் சொன்னார்கள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அல்சர் என்றார்கள். சேகரும் அல்சர் என்றான். வயிறு என்னுடையது. எனக்குச் செய்த அநியாயம் இதுதான். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

நேற்று நடந்தது. மறப்பதற்கு முன்.

போன மாதம் நான் படுத்திருந்தது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அங்கிருந்து ஒரு சின்ன டாக்டர் சேகர் வேலை பார்க்கும் டெலிபோன் ஆபீசுக்குப் பேசியிருக்கிறார். கடைசி வருஷப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நோயாளியைப் பரிசோதித்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். ‘உங்க அப்பா நல்ல கேஸ், அனுப்புங்க’ என்றாராம். சேகர் இழுத்தான். நான்தான் பிடிவாதமாகப் போனேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டியதும் இங்கிலீஷ் படித்ததும் நானாகக் கற்றவை. ஒரு காலேஜ் பரீட்சைக்கு நான் வேண்டும் என்கிறார்கள். போகாமல் இருப்பேனா? சலவை வேட்டி. சவரம். தாம்பரத்தில் முதல் எலெக்ட்ரிக் ரயில் பிடித்துப் போனோம்.

நீள ஹால். வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு ஒரு நோயாளி. இட்லி, வடை கொடுத்தார்கள். இட்லி இறங்கவில்லை, வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றேன். பக்கத்துக் கட்டில்காரர் பழக்கப்பட்டவர். வருஷா வருஷம் வருகிறாராம்.

“இன்னா கேஸ் நீ?”

“அல்சர்.”

“எனக்கு நெஞ்சுல ஓட்ட கீது. இங்கிலீஷ் பேருகூடத் தெரியும். சொல்லாதேன்னு டாக்டருங்க சொல்வாங்கோ. புள்ளைங்க கெஞ்சும். நான் சொல்லிடுவேன்பா. பாவம், ராத்திரி பூரா கண்ணு முழிச்சிக்கினு வருதுங்க.”

எனக்கு வந்தது ஒரு பெண். தமிழ்ச்செல்வி. குரோம்பேட்டைப் பெண். நான் தாம்பரம் என்றதும் கொஞ்சம் சிரித்தாள். கை ஐஸ் மாதிரி. பெயர், வயது, தொழில், பசி உண்டா, வாந்தி உண்டா, எல்லாம் கேட்டாள். வயிற்றை அமுக்கினாள். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

“ஐயா, டாக்டருங்க உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க?”

“அல்சர்மா.”

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அதற்குமேல் அவள் எதையும் தேடவில்லை. உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

பரீட்சகர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் வார்டின் பெரிய டாக்டர். இன்னொருவர் வெளியூர், கண்ணாடிக்காரர், எல்லாம் இங்கிலீஷில். அவள் அல்சர் என்றாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாயா என்றார் கண்ணாடிக்காரர். இல்லை. அவள் கையைப் பிடித்து என் இடது கழுத்தெலும்புக்கு மேலே வைத்து அழுத்தினார். “இது என்ன?” என்றார். அவர் கத்தினார். கேன்சர் என்றார். பரவிவிட்டது என்றார். ஆபரேஷன் எல்லை தாண்டிவிட்டது, இந்த மனுஷன் செத்துக்கொண்டிருக்கிறான், நீ அல்சர் என்கிறாய் என்றார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை.

எங்கள் டாக்டர் கண்ணால் ஜாடை காட்டியதை அவர் கவனிக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளை ஏமாற்றிவிட்டவன் போல. நான் பொய் சொல்லவில்லை. எனக்குச் சொன்ன பொய்யைத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய டாக்டர் தனியாக வந்தார்.

“பெரியவரே, அதெல்லாம் பரீட்சைக்காகப் பேசறது. இப்படி இருந்தா என்ன, அப்படி இருந்தா என்னன்னு. உங்களுக்கு வெறும் புண்ணுதான். மனசுல வெச்சுக்காதீங்க.”

“சரிங்க சார். அந்தப் பொண்ணு ஃபெயிலா?”

“அது எங்க விஷயம் பெரியவரே.”

இவரிடம் கேட்டு வாங்க வேண்டிய உண்மை இல்லை இது. சொல்ல வேண்டியவன் வெளியே குடையோடு நின்றான்.

“எப்படி இருந்ததுப்பா?”

“வடை நல்லா இருந்தது.”

நவம்பர் 4, புதன்

தூறல். வீட்டு முன்னறையில் இருக்கும் என் மோட்டார் ரிப்பேர்க் கடையைத் திறக்கவில்லை. இரண்டு மோட்டார் அப்படியே கிடக்கிறது.

காலை அரை இட்லி. அதற்கே நெஞ்சுவரை நிரம்பிவிட்டது. மேல்வயிற்றில் குடைச்சல், முதுகுக்குப் போகிறது. அல்சருக்கு என்று கொடுத்த வெள்ளைத் தண்ணி மருந்து இரண்டு மூடி. பயன் இல்லை.

சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். இடது கழுத்தெலும்புக்கு மேலே கட்டி, புளியங்கொட்டை அளவு. நகரவில்லை. அது மட்டும் வலிக்கவில்லை. வார்டில் எத்தனை பிள்ளைகள் இங்கே விரல் வைத்தார்கள். வைத்ததும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு திருப்தி, தொலைந்த சாமான் கிடைத்த மாதிரி. வயிற்றுப் புண்ணுக்குக் கழுத்தை ஏன் அமுக்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘ஜெனரலா பாக்கறது தாத்தா’ என்றான் ஒருவன். தங்களுக்குள் ‘மைட்டாடிக், மைட்டாடிக்’ என்று பேசிக்கொள்வார்கள். ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்தேன்.

என் நோய் தெரிந்தவர்கள் யார் யார் என்று யோசித்தேன். சேகர். என் மனைவி சரோஜாவுக்குத் தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். சொன்னால் தாங்க மாட்டாள். ஆனால் தையிலேயே சேகருக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று அவள் போன மாதம் திடீரென்று பறந்தது ஏன்? ஜாதகத்தில் ஏதோ என்றாளே.

பக்கத்து டீக்கடை வேணுவுக்கு நிச்சயம் தெரியும். எப்படி என்றால், அவன் என்னோடு சண்டை போடவில்லை. இத்தனை வருஷத்தில் நான் வாயைத் திறந்தால் மறுத்துப் பேசாமல் விட்டவனில்லை. இன்று சோதித்துப் பார்த்தேன்.

“வேணு, தாம்பரத்துலயே மட்டமான டீ உன்னோடதுதான்.”

“கரீட்டு தலைவரே. நீ சொன்னா சர்தான்.”

டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

சேகர் ஆபீஸ் விட்டு வந்தான். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ரொட்டி. இத்தனை நாள் ஆப்பிள் வாங்காதவன்.

“டாக்டர் என்ன சொன்னார்னு இன்னொரு தடவ சொல்லு.”

“அல்சர்தாம்ப்பா. காரம் சேத்துக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

என் முகத்தைப் பார்க்காமல் ஆப்பிளை நறுக்கினான். துண்டுகள் மிகச் சின்னதாக இருந்தன.

நவம்பர் 6, வெள்ளி

மழை விட்டு விட்டு. ஏர்போர்ஸ் விமானம் தாழப் போனது, மேகத்துக்குள் சத்தம் மட்டும்.

கடையில் உட்கார்ந்திருந்தேன், வேலை செய்யவில்லை. அந்தப் பெண் வந்தாள். தமிழ்ச்செல்வி. ரயில்வே கேட்டில் இறங்கி, ‘மோட்டார் ரிப்பேர்க்காரர்’ என்று விசாரித்துக்கொண்டே வந்தாளாம். முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

“என்னை ஞாபகம் இருக்கா ஐயா?”

“கை ஜில்லுனு இருந்துச்சே, மறப்பேனா. பரீட்சை என்னாச்சு?”

“போச்சு. ரிசல்ட் வரல. ஆனா எங்க சார் சொல்லிட்டார், அடுத்த தடவைதான்னு.”

“என்னாலதான்.”

“இல்லைங்க ஐயா. யார் என்ன சொன்னாலும் முழுசா பாக்கணும்னுதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நாங்கதான் குறுக்கு வழியா பேஷண்ட்டையே கேட்டுடறோம். பரீட்சைக்கு வர்றவங்களுக்குத் தங்க நோய் கரெக்டா தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு மட்டும்…”

நிறுத்திக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் மாத்திச் சொல்லி வெச்சிருந்தாங்க.”

“அன்னிக்கு அவர் இங்கிலீஷ்ல பேசினது… அது உங்களுக்குப் புரிஞ்சுதான்னு கேக்கத்தான் வந்தேன். ஃபெயிலானதுகூடப் பரவாயில்ல. அதை நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது.”

“புரிஞ்சுது.”

அழுதாள். அழட்டும் என்று விட்டேன். வேணு எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். மைட்டாடிக் என்றால் என்ன என்று கேட்டேன். நோயாளிக்கு முன்னால் கேன்சர் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது, அதற்குப் பதில் இதைச் சொல்ல வேண்டும் என்று மூன்றாம் வருஷத்திலேயே பழக்கிவிடுகிறார்களாம். மறைப்பதற்கு ஒரு சொல் கற்றுத் தருகிறார்கள். எதிரே உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று கற்றுத் தருகிறார்களா என்று கேட்டேன்.

“அதுக்கு எங்களுக்கு கிளாஸ் கிடையாது ஐயா.”

இன்னும் எவ்வளவு காலம் என்றேன்.

“தெரியல. நான்தான் ஃபெயிலான ஆளாச்சே, என்னைக் கேக்கறீங்க.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததில் வயிறு சுருட்டிப் பிடித்தது. பெஞ்சில் குப்புறச் சாய்ந்தேன். அவள் எழுந்து முதுகில் கை வைத்தாள். இப்போது கை சூடாக இருந்தது.

“இந்த வலிக்கு என்ன குடுக்கறாங்க?”

“வெள்ளைத் தண்ணி மருந்து.”

“அது மட்டுமா? மார்ஃபின் தரலையா? எங்க ஆஸ்பத்திரியிலேயே பின்னால வலிக்குன்னு ஒரு பிரிவு இருக்கே. செவ்வாயும் வெள்ளியும். குடிக்கிற மருந்து தர்றாங்க. பரீட்சைக்கு அப்புறம் உங்க கேஸ் ஷீட்டைப் பாத்தேன், போன மாசமே உங்களுக்கு அங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்க மகன் கூட்டிட்டுப் போகலையா?”

இல்லை. போகவில்லை. இப்போது ஞாபகம் வருகிறது. போன மாதம் எக்ஸ்ரேக்குப் போனபோது நேர் பாதையை விட்டு, சலவைக் கொட்டகையைச் சுற்றிச் சேற்றில் கூட்டிப்போனான். பையன் வழி தெரியாமல் அலைகிறான் என்று திட்டினேன்.

“அந்தப் பிரிவுக்கு வெளியில போர்டு இருக்காம்மா?”

“இருக்கு ஐயா.”

“என்னன்னு?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். புற்றுநோய் வலி நிவாரணப் பிரிவு.

நான் போர்டு என்று ஒன்று இருந்தால் படிக்காமல் தாண்ட மாட்டேன் என்பது என் மகனுக்குத் தெரியும்.

நவம்பர் 8, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

வலி காலையிலிருந்தே. எழுத்து கோணுகிறது.

முடிவு: அந்த மருந்து எனக்கு வேண்டும். ஆனால் நானாகப் போய்க் கேட்க மாட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று சேகரிடம் சொல்லவும் மாட்டேன். சேற்றில் சுற்றிக் கூட்டிப்போனவன், என் எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டு, போர்டுக்கு நேராகக் கூட்டிப்போகட்டும். வயிற்றில் வந்தது என்னைக் கேட்டு வரவில்லை. இதுவாவது என் இஷ்டப்படி நடக்கட்டும்.

அவன் சொல்வதற்கு இன்று வழி செய்து கொடுத்தேன். முடிச்சூரிலிருந்து ஒருவர் போர்வெல் மோட்டாரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். சேகர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மூடியைக் கழற்றியதும் வாடை. பார்க்கவே வேண்டாம். காயில் முழுவதும் கருகி, உள்இரும்பும் உருகிப்போயிருந்தது.

“தேறுமா பெரியவரே?”

“தேறாது. எரிஞ்சுபோச்சு. இதும்மேல செலவு பண்ணாதே.”

“இன்னாபா இது, மூஞ்சில அட்ச்ச மாரி சொல்றே. கொஞ்சம் மெதுவா சொல்லக் கூடாதா?”

“மெதுவா சொன்னா எரிஞ்சது எரியாததா ஆயிடுமா? உன் பொருளு. உனக்குத்தானே மொதல்ல தெரியணும்.”

இதைச் சொல்லும்போது நான் முடிச்சூர்க்காரரைப் பார்க்கவில்லை. பேப்பரைப் பார்த்தேன். பேப்பர் கொஞ்சம் தாழ்ந்தது. சேகர் வாயைத் திறந்தான். திறந்து,

“அப்பா, மாத்திரை நேரம் ஆச்சு” என்று உள்ளே போனான்.

பாத்ரூமில் வெகு நேரம் தண்ணீர் கொட்டும் சத்தம்.

நவம்பர் 10, செவ்வாய்

நல்ல வெயில். ஈரம் காயும் நாற்றம்.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். ரயிலில் உட்கார இடம் கொடுத்தார்கள். நிற்கிறேன் என்றேன். மீனம்பாக்கம் வரை நின்றேன், அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய டாக்டர் வயிற்றைத் தொடவில்லை. “ரெஸ்ட் எடுங்க. சத்தா சாப்பிடுங்க.” சேகரை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சு என் வயிற்றைப் பற்றி. வெளியே பெஞ்சில் என் வயிறு.

வெளியே வந்ததும் நான் நேர் பாதையில் நடந்தேன்.

“அப்பா, அது வழி இல்லப்பா.”

“இவ்வளவு பேர் போறாங்களே.”

“சுத்துப்பா. இப்படி வா.”

நடந்துகொண்டே இருந்தேன். தாழ்ந்த ஓட்டுக் கட்டடம். தூரத்திலேயே போர்டு தெரிந்தது, நீலத்தில் வெள்ளை எழுத்து. ஒரே பார்வையில் படித்துவிட்டேன். சேகர் எனக்கு முன்னால் ஓடினான். ஓடிப்போய்க் குடையை விரித்து, சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கும் போர்டுக்கும் நடுவில் கறுப்புக் குடை.

“மழை எங்கடா?”

“தூறல்ப்பா.”

பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, “இன்னா சார், வெயிலு கொளுத்துது, தூறலுன்றே” என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். குடைக்குக் கீழே சேகரின் கால்கள் மட்டும் தெரிந்தன.

குடையின் ஓரத்தில் அந்தக் கட்டடத்தின் வாசல் கொஞ்சம் தெரிந்தது. பெஞ்சில் ஒரு நோயாளி சின்னக் கிண்ணத்தில் மருந்து குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கோட்டுப் போட்ட அம்மா ஒருவர் அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டு கேட்கவில்லை. உட்கார்ந்து. இந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

குடையைத் தட்டிவிட்டிருக்கலாம். ஒரு கை வீச்சு.

“சரி வா, சுத்தியே போகலாம்” என்றேன்.

வந்ததிலிருந்து என்மேல் எனக்கே கோபம்.

நவம்பர் 12, வியாழன்

திரும்ப மழை.

மத்தியானம் வாந்தி. காப்பித் தூளைக் கரைத்த மாதிரி. சரோஜா முற்றத்தில் தண்ணீர் ஊற்றித் தள்ளினாள். முகம் கழுவிவிட்டாள். சேகர் ஆபீஸில். துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“இன்னும் எத்தினி நாளைக்குங்க இந்தக் கூத்து? உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“பரீட்சைக்குப் போய் வந்த அன்னிலேர்ந்து கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க. நான் பாக்கலன்னு நெனப்பு.”

அப்படியானால் இவளுக்கும் தெரியும். இந்த வீட்டில் தெரியாதவனாக நான் ஒருவன்தான் இருந்திருக்கிறேன். சேகரைத் திட்ட ஆரம்பித்தேன். பெற்றவனிடம் பொய் சொல்லும் பிள்ளை, அப்படி இப்படி. அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

“அவன ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் அன்னிக்கே சொல்றேன்னுதான் நின்னான். நான்தான் அவன் கையப் புடிச்சி என் தலைமேல வெச்சி சத்தியம் வாங்கினேன். அப்பாகிட்ட சொன்னா நான் இருக்கமாட்டேன்னு.”

சேகர் பி.எஸ்ஸி. படித்தவன். டெலிபோன் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அம்மா தலையில் அடித்த சத்தியத்துக்குப் பயந்து வெயிலில் குடை பிடித்திருக்கிறான்.

“எதுக்குடி அப்படிச் செஞ்சே?”

“எங்க அண்ணனுக்கு இன்னா ஆச்சு? டாக்டர் நேரா சொன்னாரு. அன்னிக்கு செவுத்தப் பாத்துப் படுத்தவருதான், அப்பறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. சோறு தண்ணி இல்ல. நோவு கொல்லல, பேச்சு கொன்னுச்சு. நீங்களும் செவுத்தப் பாத்துப் படுத்துட்டா நான் இன்னா செய்வேன்?”

“நான் உங்க அண்ணன் இல்ல.”

“தெரியும். அவரு எங்கிட்ட ஒருநாளும் சண்ட போட்டதில்ல.”

சாயங்காலம் வரை கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். யோசித்தேன். அநியாயம் என்று முதல் நாள் எழுதினேன். அது அநியாயம்தான், மாற்றி எழுத மாட்டேன். ஆனால் அதைச் செய்த கை யாருடையது என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் சொல்ல வேண்டாம் என்றார், இவள் சத்தியம் வாங்கினாள், அவன் வாயை மூடிக்கொண்டான். மூன்று பேரும் என் நல்லதுக்கு. அந்த நல்லதுதான் என்னை ஒரு மாதமாக முதுகு வரை குத்துகிறது.

வலிக்கு மருந்து இருக்கிற விஷயத்தையும், போர்டையும், குடையையும் அவளிடம் சொன்னேன். மருந்து இருப்பது அவளுக்குத் தெரியாது. சேகர் அதைச் சொல்லவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வலிக்கு மருந்து இருந்துமா குடுக்கல? ஐயோ, நானா அதத் தடுத்தேன்?”

“சத்தியத்தத் திருப்பி வாங்க முடியுமா?”

“மறுபடி அவன் கையத் தலைமேல வெச்சி, விட்டுட்டேன்னு மூணு தரம் சொல்லணும். எங்க ஊர்ல அப்பிடித்தான்.”

“அது போதும்.”

“நானே சொல்லிடறேனே, அப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு. நாளைக்கு வெள்ளிக்கெழம. நாளைக்கே கூட்டிக்கினு போவட்டும்.”

கூடாது என்றேன். பிடிவாதம் என்றாள். ஆமாம் என்றேன். அவனாகச் சொல்லாவிட்டால், நான் போன பிறகும் அவன் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டே நிற்பான். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 13, வெள்ளி

மழை. வலிப்பிரிவு திறந்திருக்கும் நாள். சேகர் ஆபீஸ் போனான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சரோஜா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

“எழுந்திரிங்க, நாம ரெண்டு பேருமே போலாம். ஆட்டோ வெச்சி.”

போகவில்லை. என் பிடிவாதத்தின் விலையை நானே கொடுக்கிறேன்.

நவம்பர் 14, சனி

மழை இல்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. உட்கார முடியவில்லை. படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை. யார் செய்ய வேண்டும் என்பதும்.

சரோஜா: நாளை காலை சேகர் குளித்து வந்ததும், அவன் கையைத் தலையில் வைத்து விட்டுட்டேன் என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். அழலாம். எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லக் கூடாது. நான் சுவரைப் பார்த்துப் படுக்க மாட்டேன். சுவர்ப் பக்கம் கட்டிலைப் போடாதே.

முடிச்சூர்க்காரர்: புது மோட்டார் வாங்கியிருப்பார். கடையில் கிடக்கும் மற்ற இரண்டையும் வேணு உரியவர்களிடம் சேர்க்க வேண்டும், கட்டவில்லை என்று சொல்லி.

வேணு: என்னோடு சண்டை போட வேண்டும். டீ மட்டம் என்றால் மட்டமில்லை என்று கத்த வேண்டும்.

பெரிய டாக்டர்: தமிழ்ச்செல்விக்கு மறுபடி பரீட்சை வைக்கும்போது நியாயமாக வைக்க வேண்டும். நான் இருந்தால் நானே வருகிறேன். இந்தத் தடவை அவள் கேட்டால் சரியான பெயரைச் சொல்வேன், அவர் எத்தனை ஜாடை காட்டினாலும்.

வெளியூர்ப் பரீட்சகர்: ஒன்றும் செய்ய வேண்டாம். கோபத்திலாவது ஒரு மனுஷன் என் முன்னால் அதைச் சொன்னார்.

காலேஜ்காரர்கள்: எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு வகுப்பு. மறைப்பதற்கு இருக்கிறதே.

தமிழ்ச்செல்வி: யார் என்ன சொன்னாலும் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்ட பிறகு மைட்டாடிக் என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. அந்தப் பெஞ்சு அம்மாவிடம் போய்ப் பழகிக்கொள்ள வேண்டும்.

போர்டு எழுதியவர்கள்: அதை எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

பெஞ்சு அம்மா: செவ்வாய்க்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கிண்ணம்.

சேகர்: குடையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். அதற்கு முன்னால், நாளை, என் எதிரே உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். தமிழிலோ இங்கிலீஷிலோ, அவன் வாய்க்கு எது வருகிறதோ அது. ஆனால் முழுச் சொல்லாக.

நான்: அவன் சொல்லும்போது முதல் தடவை கேட்கிறவனாகக் கேட்க வேண்டும். அப்படியா என்று கேட்கக் கூடாது, நடிப்பு என்று கண்டுபிடித்துவிடுவான். கழுத்தைத் தொடக் கூடாது. அவன் முழுதாகச் சொல்லி முடிக்க விட வேண்டும். பிறகு, நீ சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்க வேண்டும்.